சவரக்கத்தியில் முகம் மழிக்கப் பழகுவது எப்படி: சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்கு ஏற்ற முழு வழிகாட்டி

தேக்கா பக்கம் ஒரு சலூனில் முகச்சவரத்துக்கு உட்கார்ந்தால், கடைக்கார அண்ணன் பிளேடு ஒன்றைக் காகித உறையோடு பாதியாக உடைத்து, மடக்குக் கத்திப் பிடியில் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்குவார். பார்வைக்குச் சவரக்கத்தி போலவே இருக்கும், ஆனால் அது ஷாவெட் என்ற வேறு கருவி. ஒருவர் முகத்தில் பட்ட பிளேடு அடுத்தவர் முகத்தில் படக்கூடாது என்பதற்காகச் சலூன்களுக்கு அதுதான் சரி. இங்கே நான் சொல்லப்போவது தாத்தா காலத்து அசல் கத்தியைப் பற்றி. ஒரே எஃகு அலகு, பிளேடு மாற்றும் வேலை கிடையாது, தோல்வாரில் தேய்த்துத் தேய்த்து, எப்போதாவது கல்லில் தீட்டினால் பல வருடம் ஓட்டலாம்.

பணம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கத்தி, வார், பிரஷ், சோப்பு, பிறகு தீட்டுகல் என்று செலவு நீண்டுகொண்டே போகும். உண்மையான பலன் தோலுக்குத்தான். நம்மில் பலருக்குத் தாடி சுருட்டை முடி. நாலைந்து பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜ் ரேசர் முடியைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடும். அந்தச் சுருட்டை முடி திரும்ப வளரும்போது தோலுக்குள்ளேயே வளைந்து, கழுத்தில் கறுத்த கொப்புளங்களாகக் கிளம்பும். ஒற்றை அலகால், முடி சாயும் திசையிலேயே, மெதுவாக மழித்தால் அந்தத் தொல்லை பலருக்குக் குறைகிறது. தேசிய சேவைக் காலத்தில் தினமும் மழித்துக் கழுத்தைக் கெடுத்துக்கொண்ட தம்பிகளுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

பழக எவ்வளவு நாளாகும்? கன்னம் ஒரு வாரத்தில் வசப்படும். முழு முகம் நிம்மதியாக மழிக்க இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தி வாங்குவது

கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வார்கள். புதியவருக்கு 5/8 அல்லது 6/8 போதும். அதைவிட அகலமானது மூக்கடியில் திரும்பாது, குறுகலானது கையில் நிற்காது. நுனி வட்டமாக இருக்கட்டும். சதுர நுனிக் கத்தி காதோரத்தில் கோடு போட அழகாக இருக்கும், ஆனால் அதன் மூலை காதைப் பதம் பார்க்க ஒரு நொடி போதும். அலகு இருபக்கமும் உட்குழிவாகச் செதுக்கியதாக இருந்தால் நல்லது. மெல்லிய அலகு முடியை வெட்டும்போது எழும் சத்தம் உங்களுக்கு ஆசிரியர் மாதிரி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, இந்த மூன்று ஊர்களும் சவரக்கத்திக்குப் பேர்போனவை. இன்று புதிதாக வாங்குவதென்றால் சோலிங்கனின் டோவோ, தியேரின் தியேர்-இசார் கத்திகளை அதிகம் பார்ப்பீர்கள். சீனாவில் தயாராகும் கோல்டு டாலர் மலிவு. ஆனால் அது வந்தபடியே முகத்தில் வைக்க முடியாது, கல்லில் நிறைய வேலை கேட்கும்.

இதில் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். காசு கொடுத்து வாங்க வேண்டியது கூர்மையை. விலையுயர்ந்த புதுக் கத்திகூடப் பல நேரம் ஆலையிலிருந்து முழுக் கூர்மையோடு வருவதில்லை. விற்பவர் கல்லில் தீட்டி, ‘ஷேவ் ரெடி’, அதாவது வந்தபடியே முகத்தில் வைக்கலாம் என்று உறுதி சொல்லி அனுப்ப வேண்டும். மழுங்கிய கத்தியில் பழகத் தொடங்கியவர்கள் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வாங்கும் முன் ‘கையால் தீட்டியதா?’ என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடை பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கத்தி வாங்க ஆசைப்படுகிறவர்கள் கரோசெல் இணையச் சந்தையில் துழாவுவார்கள். தப்பில்லை. விற்பவரிடம் நெருக்கமாக எடுத்த படம் கேளுங்கள். கூர்விளிம்பில் பொக்கையோ விரிசலோ இருந்தால் வேண்டாம். அலகின் நடுவில் உள்ள கறை பரவாயில்லை, விளிம்பை ஒட்டிய துருக்குழி ஆகாது. மேசையில் வைத்துப் பார்த்தால் விளிம்பு நேராகவோ லேசாக வெளிப்பக்கம் வளைந்தோ இருக்க வேண்டும். உள்பக்கம் குழிந்திருந்தால் யாரோ தப்பாகத் தீட்டியிருக்கிறார்கள். கைப்பிடி யானைத் தந்தம் என்றால் தொடவே தொடாதீர்கள். சிங்கப்பூரில் யானைத் தந்த வணிகம் 2021 செப்டம்பர் 1 முதல் தடை. பழைய செல்லுலாய்டு பிடியும் சிக்கல்தான். அது சிதையத் தொடங்கினால் அதிலிருந்து கிளம்பும் ஆவி, மூடிவைத்த அலகைத் துருப்பிடிக்க வைத்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் அந்தச் சிதைவு சீக்கிரமே வரும். யார் முகத்தில் பட்டது என்று தெரியாத கத்தி என்பதால், சோப்பு போட்டுக் கழுவி, 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நன்றாகத் துடைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

கார்பன் எஃகா, துருப்பிடிக்காத எஃகா? கார்பன் எஃகைத் தீட்டுவது சுலபம் என்று பழையவர்கள் அதையே சொல்வார்கள். ஐரோப்பாவில் அது சரியாக இருக்கலாம். இங்கே விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், வெயில் காயும் பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். கத்தியைத் துடைத்து வைக்கும் ஒழுக்கம் தனக்கு இல்லை என்று தெரிந்தவர், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துத் துருப்பிடிக்காத எஃகே வாங்கிக்கொள்ளலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஷாவெட்டில் பழகிவிட்டு அசலுக்கு வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஷாவெட் எடை குறைவு, பிளேடு விறைப்பு, மூலைகள் கூர்மை. அசல் கத்தி மன்னிக்கிற தப்பை அது மன்னிக்காது. தீட்டும் வேலையே வேண்டாம் என்பவர் பிளேடு மாற்றும் கத்தியான ஜப்பானின் ஃபெதர் ஆர்ட்டிஸ்ட் கிளப் வகையைப் பார்க்கலாம். அதற்கென்றே காப்பு அமைப்புள்ள புரோகார்ட் பிளேடு கிடைக்கிறது.

தோல்வார்: முகத்துக்கு முன் இதைப் பழகுங்கள்

முடியை வெட்டும்போது கத்தியின் கூர்விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் மடிந்து வளைகிறது. வாரில் தேய்த்தால் அது மறுபடி நேராகிறது. கல் எஃகைத் தேய்த்தெடுக்கும், வார் விளிம்பைச் சீர்செய்யும். அதனால் கல் எப்போதாவது, வார் ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால்.

மூன்று அங்குல அகல வார் வாங்கினால் அலகு முழுவதும் ஒரே வீச்சில் படும். பின்பக்கம் கித்தான் துணியும் இருந்தால் சிறப்பு. முதலிலேயே விலையுயர்ந்த தோல் வேண்டாம், முதல் வாரை யாராக இருந்தாலும் எங்காவது கீறித்தான் வைப்பார்கள்.

மாட்ட இடம்? வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இதற்கு வாசல் கிரில் கேட்டைவிட உறுதியான இடம் கிடையாது. ஆனால் காலை ஆறரை மணிக்குக் கேட்டருகே நின்று பளபளவென்று கத்தி தேய்ப்பவரைத் தாழ்வாரத்தில் போகும் அண்டை வீட்டார் எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுப்படி ஜன்னல் கம்பி உத்தமம்.

முறை இது. வாரை இடக்கையால் விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் விளிம்பு உருண்டு மழுங்கும். அலகைப் படுக்க வையுங்கள், முதுகும் (கூரில்லாத தடித்த பக்கம்) விளிம்பும் இரண்டுமே தோலில் படவேண்டும். முதுகு முன்னால் போக, விளிம்பு பின்னால் இழுபட, நேராக நகர்த்துங்கள். கடைசிக்கு வந்ததும் கத்தியைத் தூக்காதீர்கள். முதுகு தோலிலேயே இருக்க, விளிம்பு மேலே எழும்பிச் சுழன்று மறுபக்கம் படுக்க வேண்டும். பிறகு திரும்பி வாருங்கள். முதுகுக்கு முன்னால் விளிம்பு போனால் தோலைச் சீவிவிடும். அழுத்தம் வேண்டாம், கத்தியின் எடையே போதும். கித்தானில் 20 முறை போய்வந்து, தோலில் 40, 50 முறை. வேகம் தானாக வரும், சலூன்காரரைப் பார்த்து வேகம் காட்டாதீர்கள்.

காயா டோஸ்டுக்கு வெண்ணெய் தடவும் மொட்டைக் கத்தி வீட்டில் இருக்குமே, அதை வைத்து நாலைந்து நாள் அந்தச் சுழற்றலைப் பழகுங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். பேச்சுக்கு நடுவிலும் மணிக்கட்டு தானாகத் திரும்புகிறதா? அப்புறம் நிஜக் கத்தியை எடுங்கள்.

கூர்மையைச் சோதிக்க விளிம்பில் கட்டைவிரலை ஓட்டுவது சினிமாவோடு போகட்டும். முழங்கை முடிக்கு மேலே, தோலில் படாமல் சில மில்லிமீட்டர் உயரத்தில் அலகை நகர்த்துங்கள். முடி நுனி சத்தமில்லாமல் விழுந்தால் சரி.

முகத்தைத் தயார்செய்வது

குளித்து முடித்த கையோடு மழிப்பதுதான் நல்லது. நீர் ஊறிய முடி மெத்தென்றாகிச் சுலபமாக வெட்டுப்படும். குளிக்க நேரமில்லையென்றால் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வையுங்கள்.

டப்பாவில் அமுக்கி எடுக்கும் நுரை இதற்கு ஆகாது. அது காற்று, வழுக்கல் கிடையாது. சவரச் சோப்பு அல்லது கிரீம், ஒரு பிரஷ். முஸ்தபாவில் ஒரு நடை போனால் இதெல்லாம் கிடைத்துவிடும். பிரஷ்ஷில் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தயிர் போலப் பளபளப்பாக வரும்வரை குழையுங்கள். குமிழி தெரிந்தால் நீர் அதிகம், ஒட்டிக்கொண்டு வறண்டால் நீர் குறைவு. மின்விசிறிக்கு நேராக நின்று மழிக்காதீர்கள், கன்னத்தில் பாதி முடிவதற்குள் மறு பாதி காய்ந்துவிடும்.

இன்னொரு வேலை முன்கூட்டியே செய்யவேண்டியது. ஒரு நாள் வளர்ந்த தாடியில் உலர்ந்த விரலை எல்லாத் திசையிலும் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அதுதான் முடி சாயும் திசை. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் பலருக்கு அது பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ சுழலும். சின்னத் தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடியில் ஒட்டிவைத்தால், கழுத்துக்கு வரும்போது நன்றி சொல்வீர்கள்.

முதல் சவரம்: கன்னம் மட்டும்

அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். கழுவுதொட்டி விளிம்பிலும் குழாயிலும் ஈரத் துணியைப் போட்டுவிடுங்கள். அலகு குழாயில் ஒரு தடவை இடித்தால் பொக்கை விழும், அத்தோடு கல்தான். செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாமல் காலைப் பின்னால் இழுங்கள். கத்தி போனால் போகட்டும். இதைக் கத்தியில்லாமல் இரண்டு மூன்று தரம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் விழுவதைப் பிடிப்பது நம் கையின் இயல்பு.

பிடிக்கும் விதம்: மூன்று விரல் தண்டின் (அலகுக்கும் பிடிக்கும் நடுவிலுள்ள கூரில்லாத பகுதி) முதுகுமேல், சுண்டுவிரல் வளைந்த வால்மேல், கட்டைவிரல் தண்டின் அடியில். பிடி விரல்களுக்கு அப்பால் மேல்நோக்கித் திறந்து நிற்கும். விரல் வழுக்கினால் ஈரமான படிகாரக் கல்லைத் தொட்டுக்கொள்ளுங்கள், பசை போலப் பிடிக்கும்.

இப்போது வலது கன்னம். இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காதோரத் தோலை மேலே இழுங்கள். நுரையில் விரல் வழுக்குமென்பதால், நுரை படாத இடத்தில் பிடிக்க வேண்டும். தோல் மத்தளம் மாதிரி விறைத்தால்தான் கத்தி சறுக்கும். அலகைத் தட்டையாகக் கன்னத்தில் வைத்து, முதுகை மட்டும் கொஞ்சம் எழுப்புங்கள். தோலுக்கும் முதுகுக்கும் நடுவில் முதுகின் தடிப்பைப் போல் ஒன்றரை, இரண்டு மடங்கு இடைவெளி. கிட்டத்தட்ட 30 பாகை. விளிம்பு தோலைத் தொட்ட கணத்திலேயே கீழ்நோக்கி நகரத் தொடங்குங்கள். தொட்டுவிட்டு யோசித்து நிற்கக்கூடாது. இரண்டு விரற்கடை அளவு போய் நிறுத்துங்கள். வெள்ளை நுரைக்கு நடுவே சுத்தமான ஒரு பட்டை தெரியும், அலகின்மேல் நுரையோடு கறுப்புப் புள்ளிகளாக முடி ஒதுங்கியிருக்கும்.

காது கொடுத்துக் கேளுங்கள். சரியான கோணத்தில் சின்னதாக, சீராக, மணல் உதிர்வது போல் ஒரு சத்தம் வரும். சுரண்டுகிற கரகரப்பு வந்தால் முதுகை அதிகம் எழுப்பிவிட்டீர்கள். சத்தமே இல்லாமல் முடியை இழுத்துக்கொண்டு போனால் அலகு மிகவும் படுத்திருக்கிறது, அல்லது கூர் போதவில்லை. இரண்டும் இல்லாமல் தோல் எரிந்தால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். ரேசரை அழுத்திப் பழகிய கை அது, விடுபடச் சில வாரம் பிடிக்கும்.

மீறக்கூடாத ஒரே விதி: விளிம்பு பார்க்கும் திசைக்குக் குறுக்கே, பக்கவாட்டில் அலகை இழுக்காதீர்கள். காய்கறி நறுக்கும்போது கத்தியை இழுப்போமே, அந்த அசைவுதான் முகத்தையும் திறக்கும். கத்தியை எப்போதும் விளிம்புக்கு நேர்குத்தாகவே நகர்த்த வேண்டும்.

இடது கன்னத்துக்கு இடக்கைக்கு மாற்றிக்கொள்ளலாமா? மாற்றுங்கள் என்றே சொல்வேன். வலக்கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோனால் கண்ணாடியில் அலகு மறைந்துவிடும். இடக்கை முதலில் தடுமாறும். ஆனால் அதற்கு ரேசரை அழுத்திய பழக்கமில்லாததால், சிலருக்கு வலக்கையைவிட மென்மையாகவே வரும்.

இரண்டு கன்னமும் முடிந்ததா? நிறுத்துங்கள். மீதியை வழக்கமான ரேசரால் முடித்துவிடுங்கள். கேம்ப்புக்குள் போகிற நாளில் புதுக் கத்தியோடு விளையாட வேண்டாம். சார்ஜன்ட் பார்க்கப்போவது மழமழப்பை மட்டும்தான்.

அடுத்த வாரங்கள்

கன்னம் நிம்மதியான பிறகு தாடையோரம். எலும்பு விளிம்பில் அலகு ஏறி இறங்கும்போதுதான் பலரும் வெட்டிக்கொள்கிறார்கள். தாடைத் தோலைக் கன்னத்துக்கு மேலே இழுத்துக்கொண்டால் மேடு தட்டையாகிவிடும்.

பிறகு கழுத்து. தலையைப் பின்னால் சாய்த்து, தோலைக் கீழே இழுத்து, நீங்கள் வரைந்த அம்புக்குறிப்படி போங்கள். தொண்டைக் குருத்தெலும்பின்மேல் மழிக்காதீர்கள். எச்சில் விழுங்கி, தோலைப் பக்கவாட்டில் நகர்த்தி, அந்தத் தோலைத் தட்டையான இடத்துக்குக் கொண்டுவந்து மழியுங்கள்.

மேலுதட்டுக்கு மூக்கு நுனியைக் கட்டைவிரலால் லேசாக மேலே தூக்கி, உதட்டைப் பல்மேல் இழுத்துக்கொள்ள வேண்டும். மோவாய் கடைசி. முடி அடர்த்தி, வளைவு அதிகம், கீழுதட்டை உள்ளே மடித்துச் சின்னச் சின்ன வீச்சாகப் போக வேண்டும். மீசை வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி வேலை மிச்சம்.

ஒருமுறை முடித்ததும் மீண்டும் நுரை பூசி, அதே திசையில் இன்னொரு முறை போகலாம். நுரை இல்லாத இடத்தில் அலகை வைக்கவே கூடாது. எதிர்த்திசையில் மழித்தால் கன்னம் கண்ணாடியாக மின்னும், உண்மைதான். ஆனால் சுருட்டை முடிக்காரர்களுக்குக் கழுத்தில் அது விலை கேட்கும். முதல் இரண்டு மாதம் அந்த ஆசையை ஒத்திப்போடுங்கள். கழுத்தில் கொப்புளம் வரும் ரகமென்றால் கழுத்துக்கு மட்டும் எப்போதுமே வேண்டாம்.

பருவோ மச்சமோ இருக்கும் இடத்தைச் சுற்றிப் போங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், புண் ஆறத் தாமதமாகும் நீரிழிவுக்காரர்களும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இதில் இறங்குங்கள். சின்னக் கீறலுக்குக் குளிர்ந்த நீர், பிறகு ஈரப் படிகாரம். படிகாரம் எங்கே சுள்ளென்று எரிகிறதோ அங்கே அதிகம் அழுத்தியிருக்கிறீர்கள், அடுத்த முறைக்கு அதுவே பாடம். ஆழமாக வெட்டியிருந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கிளினிக்குக்குக் கிளம்புங்கள். அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் கத்தியைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். ஹெப்பட்டைட்டிஸ் பி போன்ற நோய்கள் இரத்தம் வழியாகப் பரவுபவை.

கழுவி வைப்பது

அலகை நீரில் அலசி, முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். விளிம்பின் நீளத்துக்குத் துணியை ஓட்டினால் துணியும் போகும், விரலும் போகும். தண்டும் பிடியும் சேரும் ஆணியோரத்தில் நீர் தங்கும், அங்கே டிஷ்யூவை மடித்துச் செருகி எடுங்கள். பிறகு கித்தானில் சில முறை தேய்த்தால் மிச்ச ஈரமும் போய்விடும். உடனே மடக்கி வைக்காமல் அறையில் கொஞ்ச நேரம் திறந்தபடியே உலரவிடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்.

வீவகக் குளியலறையில் கழிப்பிடமும் ஷவரும் ஒன்றாக இருப்பதால் அது காய்வதே இல்லை. கத்தி அங்கே குடியிருக்கக் கூடாது. கார்பன் எஃகென்றால் மினரல் எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் தொட்டு அலகு முழுக்கப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்குப் பிடிக்கும். கேமரா வைக்கும் டிரை பாக்ஸ் வீட்டில் இருந்தால் அதில் ஒரு மூலை கேளுங்கள். இல்லையா, மூடியிறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டால் போதும். பொட்டலம் ஈரத்தால் நிறைந்துவிடும், அவ்வப்போது மாற்ற வேண்டும். வாருக்குத் துரு கிடையாது, பூஞ்சை உண்டு. அலமாரிக்குள் சுருட்டி வைக்காமல் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.

விமானப் பயணத்தில் கத்தியைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது, பதிவுசெய்யும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். சும்மா பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எம்ஆர்டியிலும் போகாதீர்கள். தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் இப்படிப்பட்டதை வைத்திருந்தால் சட்டச் சிக்கல் வரும். தீட்டக் கொடுக்க எடுத்துப் போவதென்றால் பெட்டியில் வைத்து, சுற்றிக் கட்டி, பையின் அடியில் போட்டு நேராகப் போய் வாருங்கள்.

மறுபடி தீட்டுவது எப்போது

வாரில் எவ்வளவு தேய்த்தும் முடியை இழுக்கத் தொடங்கினால் கல்லுக்கு நேரம் வந்துவிட்டது. எத்தனை முறை மழிக்கிறீர்கள், எவ்வளவு நன்றாகத் தேய்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சில மாதங்களுக்கு ஒருமுறை வரலாம். நடுவில் குரோமியம் ஆக்சைடு பச்சைப் பசை பூசிய தனி வாரில் பத்துப் பன்னிரண்டு முறை தேய்த்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். தினம் தேய்க்கும் வாரில் அந்தப் பசையைப் பூசிவிடாதீர்கள்.

கல்லில் தீட்டுவது தனிக் கலை. கல்லின் எண் ஏற ஏற அதன் பரப்பு நுண்மையாகும்; 1000 எண் கல்லில் விளிம்பை அமைத்து, 4000, 8000 என்று ஏறி, 12000-இல் முடிப்பது ஒரு வழக்கமான வரிசை. வாருக்கு நேரெதிராக இங்கே விளிம்பு முன்னால் போகும், முதுகு கல்லை விட்டு எழவே கூடாது. முதல் ஆண்டில் இதைச் சவரக்கத்தி தீட்டத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். விற்ற கடையே பல நேரம் செய்துகொடுக்கும். இரண்டாவது கத்தி ஒன்று கையில் இருந்தால் அந்த நாட்களில் தாடியோடு திரிய வேண்டாம்.

ஈரச்சந்தையில் இறைச்சிக் கத்திக்குச் சாணை பிடிப்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் தொழிலில் கெட்டிக்காரர்தான். ஆனால் சுழலும் சாணைக்கல்லில் பட்ட சில நொடியில் மெல்லிய அலகு சூடேறிப் பதம் போய்விடும், அதை எந்தக் கல்லாலும் மீட்க முடியாது. அடுப்படியில் இழுத்துத் தீட்டும் கருவியும் இதற்கு ஆகாது. வீட்டில் கத்தி தீட்டும் பொறுப்பு அம்மாவிடமோ மனைவியிடமோ இருந்தால், இதை முதல் நாளே அவர்களிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.